ஏரிக்கு அடியில் ஒரு தெரு

கூட்டத் தலைவர் அவர்களே, நம் பதிப்பகத்தின் உரிமையாளர் அவர்களே, நாற்காலி போதாமல் சுவரோரமாக நிற்கும் அன்பர்களே, எல்லோருக்கும் வணக்கம். எனக்கு மேடைப் பழக்கம் கிடையாது. அச்சுக்குப் போகும் முன் பிறர் எழுத்தில் பிழை திருத்துவது என் தொழில். ஆகவே பேச வேண்டியதை எழுதிக் கொண்டுவந்து வாசிக்கிறேன். இதில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். என் எழுத்தைத் திருத்திக் கொடுத்துவந்தவருக்குத்தான் இன்று இரங்கல் கூட்டம்.

இங்கே பேசியவர்கள் அவரை ஆசிரியர் என்றார்கள். சரிதான். இந்த நாட்டின் கிராமச் சாலைகளில் போய்ப் பார்க்க விரும்புகிறவர் எவரும் கையில் எடுக்கும் சாலைவழி நூல்கள் அவர் எழுதியவை. ஆனால் அச்சகத்தில் அவருக்கு ரிவர்ஸ் அக்கா என்று பெயர். எங்கள் வேன் ஓட்டுநர் வைத்த பெயர். அதோ, வாசல் பக்கம் நிற்கிறார். வேன் ஓர் ஊரைக் கடந்து வேகம் பிடிக்கும் நேரம் பார்த்து அக்கா சொல்வார்:

"பின்னாடி போ தம்பி."

"அங்க ஒண்ணுமே இல்லையேக்கா. வெறும் கல்லு."

"கல்லுதான். ஒரு பக்கம் தேஞ்சிருக்கு. எத்தனை பேரு உட்கார்ந்தா அப்படித் தேயும்? கேட்டுட்டு வந்துடறேன்."

"கியர் பாக்ஸ் அழுவுதுக்கா."

"அது அழட்டும். நீ அழாம இரு."

அந்தக் கல் பழைய சுங்கச்சாவடி ஒன்றின் வாசற்படி. வண்டிக்காரர்கள் உட்கார்ந்து உட்கார்ந்து தேய்ந்தது. இன்று அங்கே வண்டியை நிறுத்திப் படம் எடுத்துக்கொள்கிறவர்களுக்கு அதைக் காட்டியது யார்? ஒரு சாலையில் போகும்போது தெரியும் மலை வேறு, திரும்பும்போது தெரியும் மலை வேறு என்று இரு திசைக்கும் தனித்தனியாக எழுதியது யார்? அக்காதான்.

அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஓர் ஊரைப் பற்றி எழுதியதை அந்த ஊராரிடம் வாசித்துக் காட்டாமல் அச்சுக்குக் கொடுக்க மாட்டார். டீக்கடையோ பள்ளிக்கூட வராந்தாவோ, எங்காவது நின்று வாசிப்பார். அவர்கள் தலையாட்டிய பிறகுதான் தாள் என் மேசைக்கு வரும். இதனால் புத்தகங்கள் தாமதமாயின. உரிமையாளர் அவர்கள் வருந்தினார்கள். நியாயமான வருத்தம்தான், மறுக்கவில்லை.

அணை கட்டியதால் உண்டான ஏரியை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். அதற்கு அடியில் ஓர் ஊர் இருக்கிறது. அந்த ஊர்க்காரர்களை மேட்டு நிலத்தில் ஒரு குடியிருப்பு கட்டி ஏற்றிவிட்டார்கள். அக்கா அந்தக் குடியிருப்புக்குப் போய் வாசித்தபோது ஓட்டுநரோடு நானும் போயிருந்தேன். பாதியில் ஒரு தையற்கார அம்மா குறுக்கிட்டார்.

"நிறுத்துங்க. எங்க தெருவை நேரா எழுதியிருக்கீங்க. அது வளைஞ்ச தெரு. மளிகைக்கடைக்காரர் ரோட்டை மறிச்சுப் படி கட்டிட்டாரு."

"நான் எங்கம்மா மறிச்சேன்? ரோடுதான் என் படி மேல வந்துச்சு" என்றார் ஒரு பெரியவர்.

"தண்ணிக்கு அடியில கிடக்கிற தெரு நேரா இருந்தா என்ன, வளைஞ்சிருந்தா என்ன?" என்றார் நம் ஓட்டுநர்.

"மீனு போய் முட்டிக்கும்ல" என்றார் அந்த அம்மா.

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரித்துக்கொண்டே திருத்தினார். தெரு வளைந்தே அச்சாயிற்று. அந்த ஊரைப் பற்றி இந்த உலகத்தில் அச்சில் இருப்பது அந்த ஒரு பத்திதான். வரைபடத்தில் அந்த ஊர் இல்லை. பேருந்துப் பலகையில் இல்லை. அந்தப் பத்தியில் மட்டும் இருந்தது.

இருந்தது என்கிறேன். புதிய பதிப்பில் அது இல்லை. ஏரிக்கரை விடுதிக்காரர்களின் விளம்பரம் வருகிறது. மூழ்கிய ஊரைப் படித்துவிட்டு யார் படகு ஏறுவார்கள் என்று கேட்டார்களாம். அந்த இடத்தில் இப்போது என்ன இருக்கிறது? 'மனிதர் காலடி படாத நீர்ப்பரப்பு' என்று இருக்கிறது. அந்தக் காலடிகளுக்குச் சொந்தக்காரர்கள் இந்த அரங்கின் கடைசி வரிசைகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். இரண்டு பேருந்து மாறி வந்திருக்கிறார்கள். அவர்களிடம் அந்த வரியை யார் வாசித்துக் காட்டியது?

இதைக் கேட்கத்தான் அக்கா பதிப்பகத்துக்கு வந்தார். ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்ட பிறகும் வந்தார். முன்னறையில், மின்விசிறி எட்டாத அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். "சார் மீட்டிங்ல இருக்கார் மேடம்" என்பார்கள். மறுநாளும் வருவார். மறுநாளும் மீட்டிங். ஒரு நாள் அந்த வழியாகப் போன என்னிடம் சொன்னார்: "நான் எத்தனையோ ஊருக்கு முன்பின் தெரியாதவளாப் போயிருக்கேன். எங்கயும் இவ்வளவு நேரம் என்னை உட்கார வெச்சதில்லை."

அதற்கடுத்த வாரம் இறந்தார். இதய நோய் என்றார் மருத்துவர். அவர் சொன்னதற்கு மேல் நான் எதுவும் சொல்லவில்லை. கடைசி நாட்களில் அவர் எங்கே உட்கார்ந்திருந்தார் என்பதை மட்டும் சொல்கிறேன்.

இப்போது அவர் படத்தைப் போட்டு, அவர் நினைவுக்குக் காணிக்கை என்று அந்தப் புதிய பதிப்பு வரப்போகிறதாம். சற்று முன் மேடையில் அறிவித்தார்கள். நீங்கள் கைதட்டினீர்கள். நான் தட்டவில்லை. யாரும் கவனித்திருக்க மாட்டீர்கள். உயிரோடு இருந்தபோது வெட்டியெறிந்த எழுத்துக்கு இறந்த பிறகு மாலை போடுவதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லலாம்.

நான் மேடை ஏறும்போது உரிமையாளர் அவர்கள் மெதுவாகச் சொன்னார்கள்: "நாலு நல்ல வார்த்தை சொல்லிட்டு இறங்கிடுங்க பெரியவரே. புத்தகப் பேச்சு வேண்டாம்." ஐயா, மன்னிக்க வேண்டும். அவரைப் பற்றிச் சொல்ல எனக்குப் புத்தகப் பேச்சைத் தவிர வேறு எதுவும் தெரியாது.

புதிய பதிப்பின் கடைசி மெய்ப்பு இதோ என் பையில் இருக்கிறது. 'சரி' என்று எழுதி நான் கையெழுத்துப் போட்டால்தான் அச்சுக்குப் போகும். அதுதான் இதுவரை முறை. நான் போடாவிட்டால் வேறொருவரைப் போடச் சொல்வார்கள், அதுவும் எனக்குத் தெரியும். என் கையெழுத்துக்கு ஒரு புத்தகத்தை நிறுத்தும் பலம் இல்லை. இருந்தாலும் 'சரி' என்று எழுத வேண்டிய இடத்தில் 'ஊராரிடம் வாசித்துக் காட்டப்படவில்லை' என்று எழுதியிருக்கிறேன். கீழே என் கையெழுத்து. இதை உரிமையாளர் அவர்களிடமே கொடுக்கிறேன். வாங்கிக்கொள்ளுங்கள் ஐயா. வேண்டாமென்றால் மேசையில் வைக்கிறேன்.

அக்காவின் வேலையைத் தொடர்வோம் என்று எல்லோரும் உறுதி சொன்னீர்கள். என்னால் பெரிதாக எதுவும் முடியாது. ஞாயிற்றுக்கிழமை காலை அந்தக் குடியிருப்பில், அக்கா எழுதிய பத்தியையும் இப்போது அச்சுக்குப் போகும் வரியையும் அடுத்தடுத்து வாசிக்கப் போகிறேன். எது இருக்க வேண்டும் என்று அவர்கள் சொல்லட்டும். சொல்வதைத் தனித்தாளாகவாவது நானே அச்சிட்டுக் கொடுப்பேன். வேன் தர மாட்டார்கள். ஓட்டுநர் தன் மைத்துனரின் வண்டியைக் கேட்டிருக்கிறார்.

நீங்களும் வர வேண்டும். உரிமையாளர் அவர்களும் வர வேண்டும். வருகிறவர்கள் தயவுசெய்து பழைய பதிப்பைப் பார்த்து வாருங்கள். குடியிருப்புக்குப் போகும் சாலை புதியதில் இல்லை.