தோள் இடிக்கிற பூத்

காலை ரயிலில், தங்கச் சுரங்கத்தை ஒட்டிய கோரமண்டல் ஸ்டேஷனில் ஏறிய ஓர் அக்காவும் தம்பியும் என் எதிரில் உட்கார்ந்தார்கள். பெற்றோரின் நாற்பதாவது கல்யாண நாளுக்கு வாடகைக்கு போட்டோ பூத் ஒன்றைப் போனில் தேடிக்கொண்டிருந்தார்கள்.

"இதுல மேடை மேல நின்னா கேமரா சுத்தி வரும்க்கா. பத்து பேர் நிக்கலாம்."

"வேணாம்டா. ரெண்டு பேர் நின்னாலே மூச்சு முட்டணும், அப்படி ஒரு பூத் பாரு."

"இன்னாக்கா, மைன்ஸுக்குள்ள ஆள் எறக்கற கேஜ் கூண்டுல எறக்கப் போறியா?"

"ஆமா, அப்பாவையும் சித்தப்பாவையும். குவார்ட்டர்ஸ் வீடு யாருக்குன்னு வந்த சண்டைக்கு அப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்த போட்டோ ஒண்ணுகூட கெடையாது. பெரிய மேடைன்னா ஆளுக்கு ஒரு மூலையில நிப்பாங்க."

"கேஜ்ல ஒட்டிக்கினு ஷிஃப்டுக்குப் போனவங்கதானே!"

"அதான் சொல்றேன். தோள் இடிக்காம நிக்கவே முடியக்கூடாது."

"உள்ள போயும் பேசலன்னா?"

"பேசாட்டி போவட்டும். படம் ரெண்டு காப்பி வரும்ல, ஆளுக்கு ஒண்ணு குடுக்கறேன்."

தம்பி சிரித்துவிட்டு, திரை போட்ட சின்ன பூத் வாடகைக்கு விடுபவருக்கு போன் செய்தான்.

ஆண்டர்சன்பேட்டையில் எனக்கும் ஒரு தம்பி இருக்கிறான். எங்களுக்குள் பேச்சில்லை. ஆனாலும் அவன் மகள் கல்யாணத்தில், குடும்பப் போட்டோவுக்கு என்னைக் கூப்பிட ஆள் அனுப்பினான். விளக்கு வெளிச்சம் கண்ணுக்கு ஆகாது என்று பொய் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டேன். பிறகு யாரோ அந்தப் படத்தைக் காட்டினார்கள். தம்பி தன் பக்கத்தில் ஓர் ஆள் நிற்க இடம் விட்டு நின்றிருந்தான்.