முப்பத்தேழாம் இடமும் முட்புதர் விரிப்பும்

அவைக்குத் தலைமையேற்றிருக்கும் கழகத் தலைவர் ரெனி அவர்களே! மழைக்கும் காற்றுக்கும் மட்டையைக் கீழே வைக்காத மூத்த ஆட்டக்காரர்களே! திடலில் துணி உலர்த்தும் உரிமையைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவரும் நம் கின்டார்வி ஊர்த் தாய்மார்களே! இருபத்தாறு ஆண்டுகளாக இங்கே புல் வெட்டும் டூகலின் பணிவான வணக்கம்.

உலகின் நூறு சிறந்த கோல்ஃப் திடல்கள் என்றொரு பட்டியல். அதில் நம் பெயர் வராதா என்று ஏங்கியவன் யார்? நான்! நம் மேடுகளை வளைத்தது யார்? கடற்காற்று! மணற்குழிகளைப் பறித்தது யார்? குளிருக்கு ஒதுங்கிய ஆடுகள்! காற்றும் கடலும் கட்டிய இந்தத் திடலுக்கு ஈடு உண்டா? பின்வரிசையில் யாரோ "இல்லை" என்கிறார். விஸ்கி பேசினாலும் உண்மையைத்தான் பேசுகிறது!

சென்ற மாதம் பட்டியல்காரர் பெல்லமி வந்தார். முதல் அடியிலேயே அவர் பந்து, எல்ஸ்பெத் அம்மையார் முட்புதரில் காயப்போட்ட விரிப்பில் போய் விழுந்தது. நம் ஊர் விதி என்ன? துணிக்குச் சொந்தக்காரரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் பந்தை எடுக்கலாம், அபராதம் இல்லை.

"நான் யாருன்னு தெரியுமாம்மா?" என்றார் பெல்லமி.

"தெரியாதுப்பா. விரிப்பு யாரோடதுன்னு தெரியும். மன்னிப்புக் கேட்டுட்டு எடு."

"உலகத்துல எந்தத் திடல்லயும் இப்படி ஒரு விதி இல்ல!"

"ஏன், அங்கெல்லாம் யாரும் துணி துவைக்கிறதில்லயா?"

நான் ஓடினேன். "எல்ஸ்பெத், இன்னிக்கு ஒருநாள் துணிய எடுத்துடேன்" என்று கெஞ்சினேன்.

"என்ன டூகல், புல்லு வெட்டித்தான் உன் முதுகு வளைஞ்சுதுன்னு நெனச்சேனே!"

சிரியுங்கள், சிரியுங்கள், அன்று நானும் சிரித்திருக்க வேண்டும். பெல்லமி முணுமுணுத்துக்கொண்டே மன்னிப்புக் கேட்டார். நேற்று அவர் கடிதம் வந்தது. நமக்கு முப்பத்தேழாம் இடம்! ஒரே நிபந்தனை: திடலில் இனித் துணி காயக் கூடாது.

எனக்கு அந்த இடம் வேண்டும், நண்பர்களே. ஆசையாக இருக்கிறது. ஆனால் ஊராரைத் துரத்திவிட்டு இந்தப் புல்லை நான் யாருக்காக வெட்டுவேன்? உலகமே வியக்கும் ஒருவனையும் ஒரு விரிப்பின் முன் தலைகுனிய வைக்கும் திடல் வேறெங்கே இருக்கிறது? எந்த ஊரில் இருக்கிறது? எந்தப் பட்டியலில் இருக்கிறது?

எல்ஸ்பெத் அம்மையாரே, துணியை எடுக்கச் சொன்னதற்கு இந்த அவையறிய மன்னிப்புக் கேட்கிறேன்.

தலைவர் அவர்களே, வாக்குப் பெட்டி வேண்டாம், கை போதும். முப்பத்தேழாம் இடம் வேண்டாம் என்பதற்கு முதல் கை என்னுடையது. பொறுமையோடு கேட்ட செவிகளுக்கு நன்றி. இதோ, உயர்கின்ற கைகளுக்கு வணக்கம்!