நாற்பது தலையும் ஒரு மூட்டை உப்பும்

— நிறுத்து சாமி, நிறுத்து. குதிர எங்க ஏறுச்சுன்னு சொன்ன?

— நம்ம கெழக்குச் சரிவுலதானுங்க, பாவாயிம்மா. ‘புயலெனப் பாய்ந்தது புரவி’ன்னு எழுதியிருக்கறேன்.

— அந்தச் சரிவுல எம்பட வெள்ளாடு போன மாசம் வழுக்கி உழுந்து, காலொடிஞ்சு கெடக்குது. உம்பட புரவிக்கு மட்டும் காலுல பசை தடவியிருந்துச்சா?

— அம்மா, ஜுபைர் பாய் கீழ இருந்து ரெண்டு பஸ்ஸு மாறி வந்து கதை படிக்கறாரு. சித்த கம்முனு கேளு.

— கம்முனுதான்டா ராசு கேக்கறேன். மொளவு உருவற கை அதுபாட்டுக்கு உருவுது, காது அதுபாட்டுக்குக் கேக்குது. வாயி மட்டுந்தான் அடங்க மாட்டீங்குது. ம், படி கண்ணு.

— ‘இறைநேசர் நூருல்லா ஷஹீது வாளை உருவினார். வானில் மின்னல் வெட்டியது. ஒரே வீச்சில் கோட்டைப் படையின் நாற்பது தலைகள் மண்ணில் உருண்டன.’

— நாப்பதா?

— ஆமாங்க.

— ஒரே வீச்சுலயா?

— கதைங்கம்மா அது. கொஞ்சம் ஏத்தித்தானுங்க சொல்லோணும்.

— நாப்பது பேரும் கழுத்த நீட்டிக்கிட்டு வரிசையில நின்னாங்களாக்கும், ரேசன் கடையில நிக்கறாப்புல. போன வருசம் சோளக்காட்டுச் சந்தை டீக்கடை டீவியில கார்கில் சண்டை காட்டுனப்ப நீயும் வாயப் பொளந்து பாத்துக்கிட்டிருந்த. அந்த வெனைதான் இது.

— நீங்க சிரிங்க, பரவால்ல. ஆனா எண்ணெய வாங்கிக்கங்க. நான் வந்ததுல இருந்து இந்தத் தூக்கு உங்க முன்னால அப்படியே இருக்குது.

— இருந்தா என்ன? சோறா ஊசிப் போறதுக்கு.

— நாளைக்குக் கந்தூரி. நாங்க கீழ இருந்து கொண்டார எண்ணெய உங்க ஊட்டுப் பொம்பள கையால வாங்குனாத்தான் அவுலியா சமாதியில வெளக்கு. வெளக்கு எரிஞ்சாத்தான் கந்தூரி.

— வெளக்குப் போடறவளுக்கே வழக்கத்தச் சொல்லித் தர்றயா?

— ஐயோ, இல்லீங்க. எங்க அத்தா ஒரே பேச்சாச் சொல்லிட்டாரு. ‘பாவாயி உங்கதைய முழுசாக் கேட்டுட்டு எண்ணெய வாங்குனா, கந்தூரிச் சபையில நீ படி. வாங்கலீன்னா அத்தனை காயிதத்தையும் அடுப்புல போட்டுட்டு மண்டிக்கு வந்து மொளகுச் சாக்குத் தை’ன்னுட்டாரு. இத எழுத எனக்கு மூணு வருசம் ஆச்சுங்கம்மா. இது போச்சுன்னா நான் மறுக்கா பேனாவத் தொட மாட்டேன்.

— ஹபீப் பாயி வெவரந்தான். பெத்த பையன்கிட்டத் தாஞ் சொல்ல வேண்டியத என்ற வாயால சொல்ல வெக்கறாரு.

— அம்மா, மனுசன் நொந்து போயிருக்காரு. நீ வேற ஏம்மா.

— செரி, செரி. நாப்பது தலையும் உருண்டுச்சு. பொறவு?

— பொறவு அவரு எதிரிகளப் பாத்துப் பேசறாருங்க. ‘ஏ கயவர்களே, என் குருதியின் ஒவ்வொரு துளியிலிருந்தும் ஓராயிரம் வீரர்கள் எழுவார்கள். இந்த மாமலை அதற்குச் சாட்சி.’

— இப்புடியா பேசுனாரு?

— ஆமாங்க. கம்பீரமா இருக்கோணுமில்ல.

— எங்க மலையில எவனாச்சும் இப்புடிப் பேசுனா, பேய் புடிச்சிருக்குதுன்னு வேப்பந்தழைய எடுப்பாங்க. அந்த மனுசரு வெந்த காட்டுக் கெழங்க ஒரு துண்டு கேட்டு வாங்கித் தின்னவரு. உங்களுக்கு நூருல்லா ஷஹீது, எங்களுக்குப் பச்சத்துண்டுக்காரரு. மேலுக்கு ஒரு பச்சத்துண்டு, காலுல வெட்டுக்காயம். நொண்டிக்கிட்டு மல ஏறுனாரு. அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும்.

— அவரு சண்டைக்காரருன்னு நீங்களும் ஒத்துக்குவீங்கதானே?

— ஒத்துக்காம என்ன? சண்ட போட்டாரு, தோத்தாரு, தப்பிச்சு வந்தாரு.

— தோத்தவரு கதைய சபையில எவன் ஒக்காந்து கேப்பானுங்க?

— தோத்தவருக்குத்தான்டா தலமொற தலமொறையா வெளக்குப் போட்டுக்கிட்டிருக்கறோம். செயிச்சவன் பேரு ஒனக்குத் தெரியுமா? எனக்கும் தெரியாது. அவன எங்க பொதச்சாங்கன்னே ஆருக்கும் தெரியாது.

— அதெல்லாம் செரிங்க. ஆனா படிக்கறவங்களுக்கு ஒரு விறுவிறுப்பு வேணுமில்ல. அதுக்குத்தான் ராசகுமாரிய வெச்சேன்.

— ராசகுமாரியா?

— கோட்டைக்காரன் மகளுங்க. அவரு வீரத்தப் பாத்து மயங்கி, மூங்கக் காட்டுல வந்து நிக்கறா. கையில மல்லியப்பூ மால.

— ராசு, இவனுக்கு ஒரு சொம்பு மோரு கொண்டா. வெய்யில்ல வந்ததுல மண்ட காஞ்சிருக்குது. அடக்கம் பண்ணி எத்தனையோ தலமொற ஆன மனுசருக்கு இன்னைக்குக் கண்ணாலம் பேசறான்.

— கண்ணாலமெல்லாம் இல்லீங்கம்மா. அவரு வேண்டாம்னு மறுத்துடறாரு.

— மறுத்தாராமா. நல்ல வேள, அந்தளவுக்கு மானத்த உட்டு வெச்சியே. மல்லியப்பூவு இந்தக் குளுருல எங்க மொளச்சுது, அதச் சொல்லு மொதல்ல.

— செரிங் பாய், அந்த ராசகுமாரியத் தூக்கிருங்க. எனக்கும் அது புடிக்கல. சோளக்காட்டுல ஜீப்புக்கு லோடு ஏத்தோணும், நேரமாவுது. முடிவப் படிங்க.

— இதுதான் ராசண்ணா முடிவு. கேளுங்க. ‘காயத்தோடு மலையேறிய இறைநேசருக்கு வழிகாட்டியாக வந்தவன் மாரன் என்னும் மலைவாசி. அவனோ பகைவரிடம் ஒரு பை பொன் வாங்கியிருந்தான். தாகத்தால் அவர் ஓடையில் குனிந்து நீர் அருந்துகையில், பின்னாலிருந்து தன் கொடுவாளை ஓங்கினான்.’

— பொன்னா? மலையில பொன்ன வெச்சுட்டு என்ன பண்றது, நாக்குல தடவறதா? உப்பு. ஒரு மூட்ட உப்பு.

— உப்புங்களா?

— சும்மா வாயில வந்துச்சு. அந்தக் காலத்துல மலைக்கு உப்புத்தான பெருசு. நீ படி.

— அவ்வளவுதானுங்க. ஒரே வெட்டு. ஓடை செவந்து ஓடுது. சாயறப்ப அவரு அவனப் பாத்து, ‘நானும் தாகத்தோடுதான் வந்தேன், நீயும் தாகத்தோடுதான் இருக்கிறாய்’ன்னு சொல்லிட்டு உசுர உடறாரு. முற்றும்.

— யோவ் பாய், நில்லுங்க. வெட்டுனவன் மலைக்காரனா?

— கதைக்காக, ராசண்ணா.

— கதைக்கு எங்க ஆளுதான் கெடச்சானா? நாப்பது பேர வெட்டறதெல்லாம் உங்க ஆளு. பொறத்தாண்ட நின்னு வெட்டறவன் மட்டும் எங்க ஆளா? மலைமேல எங்க எடப்புளி நாட்டுச் சனம் மொத்தமும் நாளைக்கு அங்க ஒக்காந்திருக்கும். எங்க மொகத்துக்கு நேரா இதப் படிப்பீங்களா?

— தப்பா எடுத்துக்காதீங்க. ஒரு துரோகி வேணும். கோட்டைக்காரனப் போட்டா சப்புனு இருக்குது.

— அந்தத் தூக்க எடுத்துக்கிட்டு நடையக் கட்டுங்க. எங்கம்மா எண்ணெய வாங்க மாட்டா. என்னம்மா?

— மொளவுல ஒரே கல்லா இருக்குது.

— அம்மா, உன்னத்தான். குதிரைக்கு அத்தனை பேசுன, இதுக்குக் கல்லுப் பொறுக்கறயா?

— கல்லோட போட்டா மண்டியில வாங்க மாட்டாங்க. பொறுக்கிக்கிட்டிருக்கறேன்.

— பாவாயிம்மா, நீங்களும் கோவமா?

— உனக்கு இத ஆரு சொன்னது?

— எதைங்க?

— ஓடை. தண்ணி குடிக்கறப்ப. பொறத்தாண்ட.

— ஆரும் சொல்லலீங்க. ராத்திரி தூக்கம் வராம ஒக்காந்திருந்தப்ப மனசுல தோணுச்சு. அல்லா மேல சத்தியமா எந்தக் குடும்பத்தையும் நெனச்சு எழுதலைங்க.

— தோணுச்சாமா. குதிரயும் தோணுது, குமரியும் தோணுது, இதுவும் தோணுது.

— ராசண்ணா, கோவப்படாதீங்க. மாத்திடறேன். இப்பவே, உங்க முன்னாலயே மாத்திடறேன். அந்த மாரனத் துரோகி இல்லாம பண்ணிடலாம். அவந்தான் அவரக் காப்பாத்தப் பாக்கறான். தோள்ல தூக்கிக்கிட்டு மல ஏறறான். கோட்டைப் படைய ஒத்த ஆளா மறிக்கறான்.

— அப்புடி வாங்க வழிக்கு.

— அந்த அவுலியா அவன் மடியிலதான் உசுர உடறாரு. ‘உன் வீட்டார் கையால் எனக்கு விளக்கு எரியட்டும்’னு வரங் குடுக்கறாரு. உங்க ஊடு வெளக்குப் போடறதுக்கு அதான் காரணம்னு வெச்சுக்கலாம். எப்படி?

— பாய், மயிர் சிலிர்க்குதுங்க. நெசமாலுமே அப்புடித்தான் இருந்திருக்கும். இல்லீன்னா இத்தனை மலைக்காரங்க இருக்கையில எங்க ஊட்டுக்கு மட்டும் எப்படி வெளக்கு வரும்? பேரயும் மாரன்னு போடாதீங்க. எங்க ஊட்டுப் பேரயே போடுங்க.

— என்ன பேரு போடட்டும்?

— ராசுன்னே போடுங்க. எம் பேரு எங்கய்யனப் பெத்த அப்பாரு பேரு. அவரு பேரு அவரோட அப்பாரு பேரு. ஒரு தலமொற உட்டு ஒரு தலமொற மூத்த பையனுக்கு அதான் பேரு. மொத ஆளும் ராசுவாத்தான் இருந்திருப்பான்.

— ‘மலைமறவன் ராசு’. நல்லா இருக்குதுங்க.

— கேட்டியாம்மா? மலைமறவன் ராசு.

— கேட்டேன். செலையும் வெக்கச் சொல்லு. சோளக்காட்டுச் சந்தையில, வாழத்தாரு எறக்கற எடத்துல. மாலையப் போட்டுட்டு நீயும் பக்கத்துல நின்னு போட்டா புடிச்சுக்க.

— ஏம்மா, நமக்குப் பெரும வந்தா உனக்கு வேப்பங்காயாட்டக் கசக்குதா?

— நீ மேல சொல்லு ஜுபைரு. இன்னும் அந்த மறவன் என்னென்ன கிழிச்சான்?

— ‘ராசு தன் கொடுவாளை எல்லைக் கல்லில் வைத்தான். வீரர் துயிலும் மண்ணில் இனி ஆயுதம் ஏந்தேன் என்று சத்தியம் செய்தான். அன்று முதல் அந்தச் சமாதிக்குப் போகும் எல்லாரும் கல்லருகே கத்தியை வைத்துவிட்டே உள்ளே போகிறார்கள்.’

— ஆரு எல்லாரும்?

— எல்லாருந்தானுங்களே. போன கந்தூரிக்கு ராசண்ணன் கல்லுகிட்ட கொடுவாள வெச்சத நானே பாத்தேன்.

— இவன் வெச்சான். கூட வந்த அர்த்தனாரி வெச்சானா?

— இல்லீங்க. அவரு இடுப்புல அப்படியேதான் இருந்துச்சு.

— பக்கத்தூட்டு அத்தாயி கீர அறுக்கற கத்தியோட உள்ள போயித்தான் கும்புட்டுட்டு வாரா. உங்கத்தா சட்டச் சோப்புல பேனாக்கத்திய வெச்சுக்கிட்டே ஓதறாரு. ஆராச்சும் தடுத்தாங்களா?

— தடுக்கலீங்க. நாந்தான் கவனிக்காம எழுதிட்டேன்.

— கத்திய வெக்கறவன் எங்கூட்டு ஆம்பள மட்டுந்தான். திண்ணனூரு நாட்டுக்குக் குடி போன எங்கொழுந்தன் வந்தாலும் வெச்சுட்டுத்தான் போவோணும்.

— அது நாம அவருக்குக் காட்டற மரியாதம்மா.

— மரியாதயாடா? அப்புடின்னா உங்கய்யன் உன்னக் கூப்புட்டு வெச்சுச் சொல்லியிருப்பாரே. என்ன சொன்னாரு?

— ‘கேள்வி கேக்காம வெய்யி’ன்னாரு.

— அவருக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். இந்த ஊட்டுல ஆம்பளைக்குக் கல்லு, பொம்பளைக்கு வெளக்கு. வெளக்க என்ற கையில குடுக்கறப்ப எம் மாமியா என்ற காதுல ஒண்ணு சொன்னா. என்னைக்காச்சும் உம் பொண்டாட்டி தேன்மொழிக்கு நாஞ் சொல்லோணும். ஆம்பளைங்க நிமிந்து நடக்கோணும்னு பொம்பளைங்க நாங்க முழுங்கிக்கிட்டே வந்திருக்கறோம். ஆனா அந்த மடியில அவரு தலய வெச்சு வரமும் குடுத்தாருன்னு நாளைக்கு மைக்கு வெச்சுப் படிச்சா, அத வாய மூடிக்கிட்டுக் கேக்க எனக்குத் தெம்பு இல்ல. குதிரையக் கூடப் பொறுத்துக்குவேன்.

— அம்மா, என்ன பேசற நீ? என்ன சொன்னாங்க உங்காதுல?

— அந்தத் தூக்க இப்புடி நவுத்து, ஜுபைரு.

— இந்தாங்கம்மா. வாங்கிட்டீங்களா? அப்ப நாளைக்கு நான் படிக்கலாங்களா?

— படி. அப்பறம் எங்கையில வெளக்கு இருந்தாலுஞ் செரி, ஊரு புடுங்கிக்கிட்டாலுஞ் செரி.

— அப்ப மாத்துனது உங்களுக்குச் சம்மதங்களா?

— மாத்தாத. குதிரைய அழி, ராசகுமாரிய அழி, நாப்பது தலையவும் அழி. ஓடையில குனிஞ்சவரப் பொறத்தாண்ட நின்னு வெட்டுனான் பாரு, அவன மட்டும் நீ மொதல்ல எழுதுனாப்புலயே உட்டுட்டு, பேர மட்டும் இவன் ஆசப்பட்டாப்புல ராசுன்னு போடு.