கறுப்புக் கோடு நகர்ந்த வாரம்

2024ஆம் ஆண்டு நவம்பர் 18, திங்கட்கிழமை. முந்தைய இரவெல்லாம் கொட்டிய மழை விடியலில் ஓய்ந்திருந்தது. வானம் மூட்டமாக இருந்தது. கடற்காற்று ஈரமாக வீசியது. ஆய்வு செய்பவன் தேதியையும் வானிலையையும் முதலில் எழுத வேண்டும் என்பது நான் கற்ற ஒழுங்கு. இன்ஸ்பெக்டர் சியாமளா அவர்கள், "வாக்குமூலத்த பேசுற மாதிரியே எழுதுங்க, போதும்" என்றார்கள். என் பெயர் ஜெபக்குமார். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு, கல்லூரி வேன் ஓட்டிக்கொண்டே, முப்பது வயதுக்கு மேல் தனித்தேர்வில் பத்தாம் வகுப்பு தேறியவன். இப்போது பொத்தேரிப் பக்கம் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் பகுதிநேர முனைவர் பட்ட ஆய்வாளன். எழுத்து மொழியை எனக்கு எவரும் தானமாகத் தரவில்லை. அதை விட்டுக்கொடுக்க இயலாது.

முதலில் பொருளை விளக்குகிறேன். கண்ணாடிப் பட்டகத்தின் ஒரு முகத்தில் தங்கம் பூசப்படுகிறது. தலைமுடி ஒன்றை ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏடுகளாகச் சீவினால் ஓர் ஏடு எவ்வளவு இருக்குமோ, அவ்வளவே அதன் தடிமன். அதன்மீது சிவப்பு லேசர் ஒளியைச் செலுத்தினால் அது திரும்பி வரும். குறிப்பிட்ட ஒரே ஒரு கோணத்தில் மட்டும் வராது. தங்கத்தின் மேற்பரப்பில் அலையாக மாறி அங்கேயே அடங்கிவிடும். திரையில் அந்த இடம் கறுப்புக் கோடாகத் தெரியும். தங்கத்தின் மறுபுறம் தண்ணீரை ஓடவிட்டு, அதிலுள்ள கிருமியைப் பிடிக்கும் புரதத்தைப் பூசிவைத்தால், கிருமி ஒட்ட ஒட்டக் கோடு நகரும்.

இக்கருவியை மாமல்லபுரத்தில் வெங்கடேசனின் சிற்பப் பட்டறையில் அமைத்தேன். என் மனைவி பிரதீபாவின் தம்பி ஜோயல் அங்கே கல்லுக்கு மெருகு போடும் வேலையில் இருந்தான். இடம் வாங்கித் தந்தவன் அவனே. பட்டறையின் குடிநீர்த் தொட்டிக்கு ஆழ்துளைக் கிணற்றிலிருந்து நீர் ஏறும். பக்கத்து விடுதியின் கழிவுத்தொட்டி அக்கிணற்றை ஒட்டியே இருந்தது. பெருமழையில் ஒன்று மற்றொன்றில் கலக்கும் என்று நான் எதிர்பார்த்தேன். இடத்தேர்வின் காரணம் அதுவே.

ஜோயல் கேலிக்காரன். ஆட்கள் முன்னால் சொல்வான்: "எங்க மாமா தங்கத்துல லைட்டு அடிக்கிறாரு, லைட்டே காணாம பூடுதாம். இதுக்கு இன்னாத்துக்கு படிப்பு? கரண்டு போனா அதேதான?" எல்லோரும் சிரிப்பார்கள். அவனும் சிரித்துவிட்டு, எனக்கு டீ வாங்கிவர ஆள் அனுப்புவான்.

திங்கட்கிழமை பகலில் கோடு நகர்ந்தது. முதல் நகர்விலேயே நீரைப் பயன்படுத்துவோருக்கு அறிவிக்க வேண்டும் என்பது பல்கலைக்கழக விதி. அதன்கீழ் நான் கையொப்பமிட்டுள்ளேன். ஆயினும் ஒரு புள்ளி முடிவாகாது. தொடக்கம், ஏற்றம், உச்சம் ஆகிய மூன்றும் இயற்கையான நீரிலேயே தொடர்ச்சியாகப் பதிவாக வேண்டும். அத்தகைய பதிவு எங்கள் துறையில் எவரிடமும் இல்லை.

புதன்கிழமை ஜோயல் வந்தான்.

"மாமா, தண்ணி ஒரு மாரி நாறுது. டவுன் பஞ்சாயத்து ஆளு பிளீச்சிங் பவுடர் எடுத்தாந்துகீறான். போட சொல்லட்டா?"

"வேணாம் மச்சான். குளோரின் பட்டா மிசினு நாஸ்தி. ஒரு வருச உழைப்பு."

"அப்ப தண்ணி நல்லாதான் கீதா?"

"நல்லாதான் கீது."

அவன் ஒரு கணமும் யோசிக்கவில்லை. வாசலுக்குப் போய்க் கத்தினான்: "அண்ணாத்த, எடுத்துகினு போ. எங்க மாமாவே டெஸ்ட்டு பண்ணிகினு கீறாரு. டாக்டராவப் போற ஆளு சொல்றாரு, அப்பறம் இன்னா?" பிறகு எல்லோரும் பார்க்கத் தொட்டிக் குழாயில் ஒரு சொம்பு பிடித்துக் குடித்தான். எங்கள் தெருவில் படித்தவன் சொல்லை நம்புவது அப்படித்தான். அவன் பெருமை என்னைக் குறித்தது என்பதை நான் மறுக்கவில்லை.

வியாழன் இரவு முதல் ஆட்கள் வாந்தியும் பேதியுமாக விழுந்தார்கள். வெள்ளியன்று ஜோயலைச் செங்கல்பட்டு அரசு மருத்துவமனையில் சேர்த்தார்கள். நான் பார்க்கப் போனேன். கண்கள் உள்ளே போயிருந்தன, குரல் கம்மியிருந்தது.

"மாமா... தண்ணியாலயா?"

"இல்லடா. எங்கயோ பிரியாணி துன்னுருப்ப."

"துன்னேன்" என்று சிரிக்க முயன்றான். பக்கத்தில் நின்ற மருத்துவர் என்ன குடித்தான், எங்கே குடித்தான் என்று என்னிடம் கேட்டார். தெரியாது என்றேன். கிருமியின் பெயர் எனக்குத் தெரியும். என் தங்கத்தின்மீது பூசிய புரதம் அதற்கானதே. சொல்லியிருந்தால் அவர்கள் அன்றே தொட்டியை மூடியிருப்பார்கள். கோடு உச்சத்தை எட்ட இன்னும் சிறிது இருந்தது.

ஆகவே தெளிவாக எழுதுகிறேன். மறைத்தவன் நான். பவுடரைத் திருப்பி அனுப்பச் சொன்னவன் நான். மருத்துவரிடம் பொய் சொன்னவனும் நான். நான் எவர் வாயிலும் தண்ணீர் ஊற்றவில்லை. கவனிப்பவன் கவனிக்கப்படுவதில் கை வைக்கக் கூடாது என்றே எல்லாப் பாடநூல்களும் கூறுகின்றன. மன்னிப்புக் கேட்பதற்கான பிழை எதையும் என் முறையில் நான் காணவில்லை. இனி அந்தக் கடற்கரையில் ஆயிரம் தொட்டிகளுக்கு என் கருவி காவல் இருக்கும். ஜோயல் இருந்திருந்தால் இதைப் புரிந்துகொண்டிருப்பான்.

என் பையில் இருந்த இரண்டு லிட்டர் பாட்டில் பற்றி இன்ஸ்பெக்டர் அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். அது வீட்டில் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர். திங்கள் வரை நானும் தொட்டித் தண்ணீரே குடித்தேன். செவ்வாயிலிருந்து பாட்டில் கொண்டுபோனேன். மழைக்காலத்தில் என் தொண்டைக்குக் காய்ச்சிய நீரே ஒத்துக்கொள்ளும். இதற்கும் ஆய்வுக்கும் தொடர்பில்லை.

சனிக்கிழமை மூடிக் கிடந்த பட்டறையில் நான் மட்டும் கருவியின் முன் இருந்தேன். கைப்பேசியில் பிரதீபா அழைத்துக்கொண்டே இருந்தாள். கோடு மெதுவாக ஊர்ந்து, நின்றது, பிறகு நகரவில்லை. உச்சம். எழுதி முடித்த பின்னரே அழைப்பை எடுத்தேன். மருத்துவமனையிலிருந்து அவள், தம்பியின் மூச்சு நின்ற நேரத்தைச் சொன்னாள். நான் எழுதியிருந்ததும் அதே நேரம்: மாலை நான்கு மணி பன்னிரண்டு நிமிடம்.