குடிப் பதிவில் இல்லாதவன்

விதுர்ஷா: …என்டரைத் தட்டிடாத! முதல் நீ எழுதினத வாசி.

நிலோஜன்: ஓடவிட்டுட்டு வாசிச்சாக் கூடாதா?

விதுர்ஷா: கூடாது. போன கிழமையும் அப்பிடித்தான். தொண்ணூறாயிரம் வரி வந்து இறுகிப்போச்சு. கோயில் அலுவலகத்துக்கு இருக்கிறது இந்த ஒரு கொம்பியூட்டர்தான்.

நிலோஜன்: அது பழைய கொம்பியூட்டர்கா. அதுட பிழை.

விதுர்ஷா: எதை எதோட பொருத்துறது எண்டு சொல்லாம, முன்னூறு பேரையும் முன்னூறு பேரோட கோத்துவிட்டது ஆரு? கொம்பியூட்டரா?

நிலோஜன்: சரி சரி… வாசிக்கிறன். ஒரு டேபிள், ஆக்கள். பேர், தாய்ட இலக்கம், தகப்பன்ட இலக்கம். மத்த டேபிள், குடிப் பதிவு. அதில பெரியாக்கள்ட இலக்கமும் அவங்கட குடியும், அதான் எந்த வம்சம் எண்டதும்.

விதுர்ஷா: ரெண்டையும் என்னத்துக்குச் சேர்க்கிறம்?

நிலோஜன்: ஒவ்வொருத்தர்ட பேருக்கு நேராயும் குடி வாறதுக்கு. நாளைக்குக் கோயில் நிர்வாகம் பாக்கிற வண்ணக்கர்மார் கூடி, எந்தக் குடிக்கு எந்த நாள் திருவிழா எண்டு பிரிக்கிறதுக்கு. வேலை இன்டவியூவில இப்பிடிச் சொன்னாக் காணுமா?

விதுர்ஷா: காணும். எப்ப இன்டவியூ?

நிலோஜன்: வரும்.

விதுர்ஷா: மூணு கிழமையா வருது. நடந்து வருதாக்கும்.

நிலோஜன்: ஓடவிடட்டா?

விதுர்ஷா: பொறு… கீழ என்னடா இது? ரெண்டே ரெண்டு பேரைக் காட்டு எண்டு எழுதியிருக்காய். நூத்திப் பதினொண்டு, உன்ட இலக்கம். மத்தது…

நிலோஜன்: சும்மா. சோதிச்சுப் பாக்க.

விதுர்ஷா: முன்னூறு பேர் இருக்க, உன்டயும் என்டயும்தான் கிடைச்சுதா சோதிக்க?

நிலோஜன்: பாடமான இலக்கம் அது ரெண்டுந்தான்.

விதுர்ஷா: உன்டது பாடம், சரி. என்டது எப்பிடி?

நிலோஜன்: …தட்டிட்டன்.

விதுர்ஷா: கள்ளன்!

நிலோஜன்: வந்திட்டு! இஞ்ச பார்கா. நான் படையாண்ட குடி. நீ உலகிப்போடி குடி. வேற! வேற வேற!

விதுர்ஷா: அதுக்கேன் எழும்பி நிக்கிறாய்?

நிலோஜன்: கால் விறைச்சிட்டு.

விதுர்ஷா: விறைச்ச காலை மடக்கிக்கொண்டு இரு. பிழை. நான் உலகிப்போடி குடி இல்ல. படையாண்ட குடி. ஊரே சொல்லும்.

நிலோஜன்: ஊர் என்னத்தையும் சொல்லும். கொம்பியூட்டர் பொய் சொல்லுமா?

விதுர்ஷா: நீ கேட்டதுக்குத்தான் அது பதில் சொல்லும். ரெண்டு டேபிளையும் எந்த இலக்கத்தில பொருத்தியிருக்காய்? பார்.

நிலோஜன்: தகப்பன்ட…

விதுர்ஷா: நமக்குக் குடி ஆர்ட வழியில வாறது?

நிலோஜன்: …தாய்ட.

விதுர்ஷா: மட்டக்களப்பில பிறந்தவன்தானே நீ?

நிலோஜன்: பள்ளிக்கூடத்தில இருந்து எல்லா ஃபோமிலயும் தகப்பன் பேர்தானே கேக்கிறாங்க. கை பழகிட்டு.

விதுர்ஷா: உன்ட கை பழகினதுக்கு என்ட குடிய மாத்துறயா? திருத்து.

நிலோஜன்: திருத்தாமலே விடுவமே…

விதுர்ஷா: என்ன?

நிலோஜன்: ஒண்டுமில்ல. திருத்தினா நீயும் படையாண்ட குடி, நானும் படையாண்ட குடி.

விதுர்ஷா: இருந்தா என்ன? ரெண்டு பேருக்கும் ஒரே நாள் திருவிழா. சேர்ந்து மோதகம் அவிக்கலாம்.

நிலோஜன்: ஒரே குடியில கல்யாணம் முடிக்க ஏலாதே… பொதுவாச் சொன்னன்.

விதுர்ஷா: பொதுவா.

நிலோஜன்: ஓம். பொதுவா.

விதுர்ஷா: நீ படையாண்ட குடி எண்டு உனக்கு ஆர் சொன்ன?

நிலோஜன்: ஆரும் சொல்லணுமா? அம்மா குவைத்துக்குப் போகக்குள்ள எனக்கு ஆறு வயசு. அவட ஊரில இருந்து அப்பா என்ன இஞ்ச கூட்டி வந்திட்டார். வளத்தது அப்பாட தங்கச்சி, மாமி. ஒவ்வொரு வருசமும் மாமியோட படையாண்ட குடித் திருவிழாவிலதான் நிண்ட நான்.

விதுர்ஷா: அது மாமிட குடி. அப்பாட குடி. உன்ட எப்பிடி ஆகும்?

நிலோஜன்: அப்ப நான்… நான் எந்தக்…

விதுர்ஷா: என்ன, நாக்கும் விறைச்சிட்டா? தாய்ட இலக்கத்தப் போட்டுத் தட்டு.

நிலோஜன்: நீ தட்டு. எனக்கு ஏலா.

விதுர்ஷா: பயந்தாங்கொள்ளி. இந்தா…

நிலோஜன்: ஒரு வரிதான் வருது. விதுர்ஷா, படையாண்ட குடி. நான் எங்க?

விதுர்ஷா: நீ இல்ல.

நிலோஜன்: இல்லயா? இருபத்தேழு வயசு ஆம்பிளை, உனக்கு முன்னால இருக்கிறன்!

விதுர்ஷா: இது இன்னர் ஜொயின். ரெண்டு டேபிளிலயும் சோடி இருந்தாத்தான் காட்டும். குடிப் பதிவில உன்ட அம்மாட இலக்கம் இல்ல. பதிவு எடுக்கக்குள்ள அவ குவைத்தில.

நிலோஜன்: அவ அங்க இருந்தா என்னயும் சேர்த்துத் தள்ளுமா?

விதுர்ஷா: தள்ளும். லெப்ட் எண்டு மாத்து. அது இடப்பக்கத்து டேபிளில இருக்கிற ஒருத்தரையும் வெளிய போடாது.

நிலோஜன்: லெப்ட்… வந்திட்டன். ஆனா குடி எண்ட இடம் காலி.

விதுர்ஷா: காலி எண்டா தெரியா எண்டு அர்த்தம். அவ்வளவுதான்.

நிலோஜன்: வண்ணக்கர் உதயரூபன் அண்ணன் கோல் எடுக்கிறார். லிஸ்ட் எங்க எண்டு கேப்பார்.

விதுர்ஷா: அடிக்கட்டும். நீ இதப் பார்.

நிலோஜன்: என்னத்தப் பாக்கிற… தெரியாத ஒண்டத் தெரியும் எண்டு நினைச்சு, ரெண்டு வருசம் வாயத் திறக்காம இருந்திருக்கன்.

விதுர்ஷா: என்னத்துக்கு?

நிலோஜன்: பொதுவா.

விதுர்ஷா: நல்லது. அம்மாட்டக் கேக்கலாமே.

நிலோஜன்: கேட்டா, ஆருக்காகக் கேக்கிறாய் எண்டு திருப்பிக் கேப்பா. குரலிலயே அவக்கு விளங்கும்.

விதுர்ஷா: விளங்கட்டுமே.

நிலோஜன்: அவளிட்டயே இன்னும் சொல்லல்ல, அதுக்குள்ள அம்மாட்டயா?

விதுர்ஷா: எவளிட்ட?

நிலோஜன்: விது… அந்த இன்டவியூ…

விதுர்ஷா: இல்ல எண்டு தெரியும். ஒவ்வொரு தரமும் வேற வேற கொம்பனிப் பேர் சொன்ன நீ.

நிலோஜன்: தெரிஞ்சுமா படிப்பிச்ச?

விதுர்ஷா: மாணவன் வாறான், படிப்பிக்கிறன்.

நிலோஜன்: சிரிக்காத விது. அந்தக் காலி இடத்தப் பாக்கப் பயமா இருக்கு. அம்மாவும் படையாண்ட குடி எண்டு வந்தா… உண்மையாக் கேக்கிறன். நான் என்ன செய்யிற?

விதுர்ஷா: …தள்ளு. கீபோட்ட இஞ்ச தா.

நிலோஜன்: என்ன அடிக்கிறாய்? அம்மாட இலக்கம்… காலிங்கா குடி. காலிங்கா குடியா! சும்மா போடாத, விது. இதில மட்டும் விளையாடாத.

விதுர்ஷா: விளையாடல்ல. நீ இஞ்ச முதல் வந்த அண்டைக்கே, வட்சப்பில அவக்குக் கோல் எடுத்துக் கேட்ட நான்.

நிலோஜன்: நீயா? ஏன் எண்டு கேக்கல்லயா அவ?

விதுர்ஷா: கேட்டா. கோயில் லிஸ்டுக்கு எண்டன். நம்பின மாதிரித் தெரியல்ல… சிரிச்சா.

நிலோஜன்: மூணு கிழமை! தெரிஞ்சுகொண்டு ஏன்கா இதப் பதியாம வச்சிருந்த நீ?

விதுர்ஷா: பதிஞ்சா லிஸ்ட் முடிஞ்சிருமே. அதுக்கு மறுகா நீ என்ன சாட்டுச் சொல்லிக்கொண்டு இஞ்ச வருவாய்?