ஹலீமா பீயின் மூன்று கியர் சைக்கிள்

என் பெயர் நத்தானியேல். வயது 39. தகப்பனார் பெயர் சின்னசாமி. ஆம்பூரில் ரயில் நிலையத்துக்குப் பின்புறத் தெருவில் மனைவி ஜெனிஃபாவுடன் வாடகை வீட்டில் குடியிருக்கிறேன். சைக்கிளுக்கு மோட்டார் பொருத்தும் பட்டறை வைத்திருக்கிறேன். அதற்கு முன் பதினொரு வருடம் ஒரு தோல் தொழிற்சாலையில் தோல் ஊறவைத்துச் சுழற்றும் டிரம்களின் கியர்களைப் பராமரிக்கும் ஃபிட்டராக வேலை செய்தேன். 08.09.2025 அன்று பேரணாம்பட்டு சாலையில் நடந்த விபத்து பற்றிப் போலீசார் விசாரித்ததில், எனக்குத் தெரிந்ததை நடந்த வரிசைப்படி சொல்கிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன்பு என் மனைவியின் தம்பி ஜெஸ்டனும் நானும் சேர்ந்து மேற்படி பட்டறையைத் தொடங்கினோம். வண்டி கட்டுவது என் வேலை. வாங்க வருபவர்களிடம் பேசுவது, வாணியம்பாடியில் உள்ள ஷெட்டில் பெயிண்ட் அடித்து ஒப்படைப்பது அவன் வேலை. எங்கள் வண்டியில் கியர் வெளியே தெரியாது. பின்சக்கரத்தின் நடுவில் உள்ள ஹப்புக்குள்ளேயே மூன்று கியரும் அடங்கியிருக்கும். பாரம் ஏற்றி நிற்கும்போதே கியரைக் குறைத்துக்கொள்ளலாம் என்பதால் மூட்டை ஏற்றுபவர்கள் விரும்பி வாங்குவார்கள். ஆனால் பெடல் அருகில் இருக்கும் மோட்டாரின் இழுப்பு முழுவதும் அந்த ஹப்புக்குள் உள்ள சிறு பற்சக்கரங்கள் வழியாகத்தான் போக வேண்டும். அவற்றைத் தாங்கும் இரும்புப் பின்கள் கால் மிதிக்கும் பலத்துக்குச் செய்யப்பட்டவை. ஆகையால் இருநூற்றைம்பது வாட்டுக்கு மேல் நான் வைப்பதில்லை. கியர் மாற்றும்போது மோட்டார் தானாக நின்றுவிட, கியர் கைப்பிடியில் ஒரு சுவிட்சும் வைப்பேன்.

இந்த வருடம் ஜனவரியில் ஜெஸ்டன் என்னிடம், “வண்டி ஸ்லோவா போதுன்னு எல்லாரும் பேஜார் பண்றாங்க மாமா. கியர் மாத்துனா மோட்டார் நின்னு நின்னு போது. அந்த சுவிட்ச எடுத்துட்டு பெரிய கண்ட்ரோலரா போட்டா இன்னா?” என்று கேட்டான். கண்ட்ரோலர் என்பது மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தை அளந்து கொடுக்கும் பெட்டி. “உள்ள பின் ஒடஞ்சா வீல் ஜாம் ஆய்டும்டா. ஆளு போய்டுவான்” என்று நான் சொன்னேன். சரி மாமா என்றான். அன்று மதியம் எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டான்.

அதன் பிறகு மே மாதம் எனக்கு மஞ்சள் காமாலை வந்து மூன்று வாரம் படுத்திருந்தேன். ஒவ்வொரு வண்டியையும் ஓட்டிச் சோதித்த பிறகு நான் கையெழுத்திட்ட அட்டை ஒன்றை வண்டியுடன் கொடுப்பது வழக்கம். ஜெஸ்டன் அட்டைக் கட்டை வீட்டுக்கே கொண்டுவந்து, தானே ஓட்டிப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னதன் பேரில், எதுவும் எழுதாத இருபது அட்டைகளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். குணமான பிறகும் அவற்றைத் திருப்பி வாங்கவில்லை. இது என் தவறு. என்னிடம் யாரும் கேட்காமலேயே இதைச் சொல்கிறேன்.

அதன் பிறகு ஜூலையில் ஹலீமா பீ, வயது 46, பட்டறைக்கு வந்தார். கம்பெனியிலிருந்து ஷூவின் மேல்பாகங்களை மூட்டையாக எடுத்துப்போய், கையால் தைக்கும் பெண்களுக்கு வீடு வீடாகக் கொடுத்து, தைத்ததைத் திரும்பக் கொண்டுவருவது அவர் தொழில். ஜெஸ்டன் அவரிடம், “இதுல ஏலகிரியே ஏறலாம்க்கா” என்றான். அவர் என் பக்கம் திரும்பி, “தம்பி, நீ சொல்லு. நம்பி ஏறலாமா?” என்று கேட்டார். ஏறலாம் என்று சொன்னேன். நான் கட்டிய வண்டியை நினைத்துச் சொன்னேன். ஷெட்டிலிருந்து அவர் கைக்குப் போன வண்டியை நான் பார்க்கவில்லை.

08.09.2025 அன்று காலை பத்து மணியளவில் ஹலீமா பீ இரண்டு மூட்டைகளுடன் மேற்படி சாலையில் உள்ள பாலம் ஏறி இறங்கும்போது பின்சக்கரம் இறுகி நின்று, வண்டியோடு தூக்கி எறியப்பட்டார். பின்னால் வந்த லாரிக்காரர் பிரேக் பிடித்ததால் ஹலீமா பீ உயிர் தப்பினார். அன்று மாலை நான் வேலூர் மருத்துவமனைக்குப் போனேன். வலது மணிக்கட்டில் கம்பி வைத்துக் கட்டியிருந்தார்கள். இரண்டு விரல் மடங்குவது கடினம் என்று மருத்துவர் சொன்னார். ஹலீமா பீ என்னைத் திட்டவில்லை. “நீ சொன்னதாலதானே தம்பி வாங்குனேன்” என்று மட்டும் சொன்னார்.

அதன் பிறகு 10.09.2025 அன்று உதவி ஆய்வாளர் முன்னிலையில் மேற்படி வண்டியின் ஹப்பை நானே பிரித்துக் காட்டினேன். ஒரு பின் முறிந்து அதன் துண்டு பற்களுக்கு நடுவில் சிக்கியிருந்தது. கண்ட்ரோலர் நான் வைத்தது அல்ல, அதைவிடப் பெரியது. இருநூற்றைம்பது வாட் என்று நான் ஒட்டும் ஸ்டிக்கரை என் பெட்டியிலிருந்து பிய்த்து இதன்மேல் ஒட்டியிருந்தார்கள். சுவிட்ச் ஒயர்களைத் துண்டித்து டேப் சுற்றியிருந்தார்கள். ஜெஸ்டனுக்கு ஆறு முறை போன் செய்தேன், எடுக்கவில்லை. அப்போதுதான் உதவி ஆய்வாளர், ஜெஸ்டன் முந்தின நாளே வந்து, வண்டியை மாற்றியதாக என் பெயரை எழுதிக் கொடுத்து, என் கையெழுத்துள்ள அட்டையையும் ஒப்படைத்துவிட்டதாகத் தெரிவித்தார்.

அதன் பிறகு நான் வீட்டுக்குப் போய் என் மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள், நிறுத்தவில்லை. “எனக்கு ஜூன்லயே தெரியும். ஒங்ககிட்ட சொன்னா அவன வெளிய அனுப்பிடுவீங்கன்னுதான் சொல்லல” என்றாள். பிறகு, “அவனுக்குக் கைக்கொழந்த இருக்கு. நமக்குத்தான் புள்ளகுட்டி இல்லியே. நீங்க ஒத்துக்கினா இன்னா?” என்று கேட்டாள். எங்களுக்குத் திருமணமாகி பதினான்கு வருடம் ஆகிறது. இதைப் பற்றி அவள் இதுவரை ஒருமுறைகூடப் பேசியதில்லை.

நான் அங்கிருந்து பட்டறைக்குப் போய், மே மாதத்துக்குப் பிறகு வெளியே போன வண்டிகளின் பட்டியலை எடுத்தேன். மொத்தம் பதினான்கு. ஹலீமா பீயின் வண்டி நீங்கலாகப் பதிமூன்று. மறுநாளும் அதற்கடுத்த நாளும் பஸ்ஸில் வாலாஜாபேட்டை வரை போய்ப் பத்து வண்டிகளைப் பார்த்தேன். ஒன்பதில் சுவிட்ச் துண்டிக்கப்பட்டிருந்தது. அந்த ஒன்பதிலும் ஓட்ட முடியாதபடி செயினைக் கழற்றி எடுத்துக்கொண்டேன். வாங்கியவர்கள் என்னைப் பேசிய பேச்சை இங்கே எழுத வேண்டியதில்லை. மீதி மூன்று வண்டிகளின் முகவரி ஜெஸ்டனுக்கு மட்டுமே தெரியும். வழக்கு எப்படிப் போனாலும் சரி, அவனிடம் கேட்டு அந்த மூன்றையும் இன்றே நிறுத்தும்படி வேண்டிக்கொள்கிறேன்.

நான் இதைச் சொல்லும் நேரத்தில் என் மனைவி காவல் நிலைய வாசலில் பெஞ்சில் தன் தம்பியின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். ஒயரை நான் வெட்டியதை நேரில் பார்த்ததாகச் சாட்சி சொல்ல வந்திருக்கிறாள் என்று அறிகிறேன். நான் வெட்டவில்லை. உள்ளே வரும்போது அவளைக் கடந்துதான் வந்தேன். என் குடையைத் தன் மடியில் வைத்திருந்தாள்.

மேலே எழுதியதை எனக்கு முழுவதும் படித்துக் காட்டினார்கள். மனைவி பற்றிய பகுதியை எடுத்துவிடலாமா என்று கேட்டார்கள். இருக்கட்டும் என்றேன். அதுவும் சேர்த்து நான் சொன்னது அத்தனையும் உண்மை. யாரும் சொல்லிக் கொடுத்தோ மிரட்டியோ சொல்லவில்லை.

(ஒப்பம்) சி. நத்தானியேல்
13.09.2025