கருவி திரும்பியது, ஜன்னல் திரும்பவில்லை

அறிவுக்கு அணியாய் அமர்ந்திருக்கும் அவைத் தலைவர் அவர்களே! இந்த ஆய்வகத்தை ஆளாக்கிய ஆன்றோர்களே! பிள்ளைகள் வீடு திரும்பும்வரை சாப்பாட்டை மூடி வைத்துக் காத்திருக்கும் தாய்மார்களே! பின்வரிசையில் இப்போதே கொட்டாவி விடும் என் அன்புத் தம்பிகளே! அனைவருக்கும் வணக்கம்.

நம் முன் நிற்கும் கேள்வி ஒன்றே ஒன்று. பரிசோதனை முடிவுகளை மென்பொருளில் ஏற்றும்போது குறுக்கே வந்து மறிக்கிறதே ஒரு சிவப்புக்கோடு, அந்தச் சரிபார்ப்பு இருக்கலாமா, எடுத்துவிடலாமா?

"எடுத்துடுங்க!" என்கிறது ஒரு குரல். பொறு தம்பி, கதையைக் கேட்டுவிட்டுக் கத்து!

நம் ஆராய்ச்சியாளர் ஒருவர். சொட்டுச் சொட்டாக மருந்து விட்டே காலம் கழிப்பதால் அவருக்கு 'சொட்டு' என்றே பெயர். மருந்து தேறினால்தான் கல்யாணம் என்று வருங்கால மனைவியையும் காக்க வைத்தவர். அந்தக் கிருமிக்கொல்லி மருந்தைத் தொடர்வதா, கைவிடுவதா என்று முடிவெடுக்கப் போன மாதம் ஒருநாள் மதியம் கூட்டம். அதற்குள் முடிவுகள் மென்பொருளில் ஏறியாக வேண்டும். சோதனைத் தட்டில் வரிசை வரிசையாகக் குழிகள், எல்லாவற்றிலும் கிருமி; ஒரு பாதியில் மருந்து, மறு பாதியில் வெறும் தண்ணீர். கோப்பை ஏற்றினார். சிவப்பு! மறுபடி ஏற்றினார். மறுபடியும் சிவப்பு! தரவுப் பிரிவு அக்காவிடம் ஓடினார்.

"அக்கா, உங்க சாப்ட்வேர் என் உயிரை வாங்குது. அந்தச் செக்கை மட்டும் அஞ்சு நிமிஷம் தூக்கிவிடுங்க."

"மருந்து போட்ட குழியில கிருமி கொழுத்திருக்கு, மருந்தே போடாத குழியில கிருமி இல்லைன்னு உன் ஃபைல் சொல்லுதுடா. எப்படிச் செத்துச்சு? உன் மூஞ்சியப் பார்த்தா?"

எதைக் கண்டு செத்தது அன்பர்களே? பச்சைத் தண்ணீர் கிருமியைக் கொன்றதா? பாடுபட்டுப் படைத்த மருந்து பாலூட்டி வளர்த்ததா?

அக்கா நேரே ஆய்வகத்துக்கே போனார். தட்டு, அதைப் படிக்கும் ரீடர் கருவிக்குப் பக்கத்து மேசையிலேயே இருந்தது. "ரீடர்ல எப்படி வைச்சே? வைச்சுக் காட்டு."

சொட்டு வைத்தார்.

"ஏன் இப்படி?"

"தட்டோட வெட்டுமூலை ஜன்னலைப் பார்க்கணும்க்கா. சேர்ந்த அன்னிக்கே சொல்லிக்கொடுத்தாங்களே!"

உண்மைதான், நம் எல்லோருக்கும் அதுதான் பாடம். ஆனால் புது ஃபிரிட்ஜுக்கு இடம் வேண்டுமென்று முந்தின நாள் கருவியை எதிர்ச்சுவருக்கு மாற்றியிருந்தோமே! கருவி திரும்பிவிட்டது, ஜன்னல் திரும்புமா? தட்டு தலைகீழாய்ப் போய், மருந்துக்குழி தண்ணீர்க்குழியாகவும் தண்ணீர்க்குழி மருந்துக்குழியாகவும் பதிவாகியிருந்தது.

தட்டைத் திருப்பி மறுபடி படித்தார்கள். கோப்பு தடையின்றி ஏறியது. மருந்திட்ட குழிகளில் கிருமியே இல்லை! ஆனந்தத்தில் சொட்டு அந்த ஃபிரிட்ஜைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

சிரிக்கிறீர்கள், சிரியுங்கள். ஆனால் அக்கா இரக்கப்பட்டு அன்று சரிபார்ப்பை எடுத்திருந்தால்? எண்கள் ஏறியிருக்கும், மருந்து குப்பைக்குப் போயிருக்கும். யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் சோம்பி இருக்கவில்லை. ஆனாலும் போயிருக்கும்!

அதனால் கேட்கிறேன், சிவப்புக்கோடு இருக்கட்டும் என்பவர்கள் கை தூக்குங்கள்!

அதோ முதல் கை, நம் சொட்டு! ஐயா, இரண்டு கையையும் தூக்கினால் இரண்டு ஓட்டாகாது. பக்கத்தில் இன்னொரு கையும் எழுகிறதே, யாரம்மா அது? ஓ, கல்யாணப் பெண்ணா! ஆய்வகத்தில் இல்லாத உங்கள் ஓட்டு செல்லாது தாயே, ஆனால் கையை இறக்காதீர்கள். அடுத்த மாதம் கல்யாணம் என்று அந்தக் கையில் இருக்கும் பத்திரிகை சொல்கிறது.

கேட்டுச் சிரித்த உங்களுக்கும், கேள்வி கேட்டுக் காத்த அக்காவுக்கும் என் நன்றி. மணமக்களுக்கு முன்கூட்டியே வாழ்த்து. வணக்கம்!